நகையை அடகு வைக்கும் முன் செய்ய வேண்டிய பரிசோதனைகள்

கேள்வி: எனக்கு 33 வயது, மனைவிக்கு 28. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. சாயப்பட்டறையில் சூப்பர்வைசர் வேலை, மாதம் 24,000 ரூபாய் சம்பளம். இரண்டு முறை விந்துப் பரிசோதனை செய்தேன். இரண்டிலும் விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்தது. விந்தின் அளவு 2.5 மில்லி. எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் 19. மனைவிக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஒரு கருத்தரிப்பு மையத்தில், விதையில் ஊசி போட்டு விந்தணுவை எடுத்து, அதை முட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் இக்ஸி செய்யலாம், மொத்தம் 2,80,000 ரூபாய், இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் 30,000 தள்ளுபடி என்கிறார்கள். மனைவியின் 12 பவுனை அடகு வைத்து, மீதிக்கு மாமனாரிடம் வாங்கலாம் என்று யோசனை. ஆறு மாதம் லேகியம் சாப்பிட்டும் பலன் இல்லை. சின்ன வயதில் எனக்கு வலது விதை இறங்காமல் இருந்து 9 வயதில் ஆபரேஷன் செய்தார்கள், அதை அங்கே யாரும் கேட்கவில்லை. குறை என்னிடம் என்பது எங்களுக்கும் மாமனாருக்கும் மட்டும் தெரியும். என் அம்மா மனைவியைத்தான் குத்திக் குத்திப் பேசுகிறார். இவ்வளவு செலவு செய்யலாமா? கிடைக்காவிட்டால் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்:

தம்பி, இந்த மாதம் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு என்ன கோளாறு என்பதையே இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ‘விந்தணு இல்லை’ என்பது பரிசோதனையில் தெரிந்த ஒரு விஷயம், அவ்வளவுதான். அது ஏன் இல்லை என்று தெரிந்த பிறகுதான் 2,80,000 ரூபாய்க்கு அர்த்தம் இருக்கிறதா என்று பேச முடியும். உங்கள் மனைவிக்கு 28 வயது. இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவதால் அவருடைய வாய்ப்பு குறைந்துவிடாது. 38 வயது என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். 30,000 தள்ளுபடிக்காக அவசரப்படுவதற்கு உங்கள் பக்கத்தில் எந்தக் காரணமும் இல்லை.

விந்தில் அணுக்களே இல்லாத நிலையை அசூஸ்பெர்மியா என்கிறோம். ஆண்களில் நூற்றுக்கு ஒருவருக்கு இது இருக்கிறது, அதனால் இது உங்களுக்கு மட்டும் வந்த அதிசயம் இல்லை. இதில் இரண்டு வகை. ஒன்று, விதையில் அணுக்கள் நன்றாக உற்பத்தியாகி, வெளியே வரும் குழாயில் அடைப்பு இருப்பது. இன்னொன்று, உற்பத்தியே நடக்காமல் இருப்பது, அல்லது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பது. முதல் வகைக்கு ஊசியால் அணுவை எடுத்து இக்ஸி செய்வது நல்ல வழி, அணு கிடைப்பது ஏறக்குறைய நிச்சயம். உங்கள் மையம் சொன்ன திட்டம் இந்த வகைக்குப் பொருந்தும்.

உங்கள் தாள்கள் சொல்வது இரண்டாவது வகையை. எஃப்.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விதைக்கு அனுப்பும் கட்டளை. விதை ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றால் சுரப்பி கட்டளையைக் கூட்டிக்கொண்டே போகும். பெரும்பாலான ஆய்வகங்கள் 12 வரை சரி என்று போடுகின்றன, உங்களுக்கு 19. விந்தின் அளவும் குறையவில்லை. அடைப்பு என்றால் பெரும்பாலும் எஃப்.எஸ்.எச். சரியாகவே இருக்கும். தாளை மட்டும் பார்த்து முடிவாகச் சொல்லிவிட முடியாது, ஆனால் அடைப்பு என்று நினைத்துப் பணம் கட்டுவதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை.

அப்புறம் அந்த 9 வயது ஆபரேஷன். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். விதை பிறக்கும்போதோ முதல் சில மாதங்களிலோ பைக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்பது இன்றைய நடைமுறை. வயிற்றுச் சூட்டில் வருடக்கணக்கில் இருந்த விதையில் அணு உற்பத்தி செய்யும் செல்கள் பழுதாகிவிடும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் இறங்காமல் இருந்த ஆண்களில் பெரும்பாலோருக்கு இன்னொரு விதையே போதும், குழந்தை பிறந்துவிடுகிறது. உங்களுக்கு இடது பக்கமும் சேர்ந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதைத்தான் தேட வேண்டும். இன்னொரு விஷயம், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை: இறங்காத விதை இருந்தவர்களுக்கு விதையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அப்போதும் அது அரிதுதான். ஆனால் குழந்தை விஷயம் எப்படிப் போனாலும் விதைப்பையை ஒரு முறை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். மாதம் ஒருமுறை குளிக்கும்போது விரலால் தடவிப் பார்த்து, கட்டியோ கெட்டியோ தெரிந்தால் உடனே போய்க் காட்டுங்கள்.

நான் ஆண்களின் குழந்தையின்மைப் பிரிவில் வேலை செய்யும் சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்). எங்களிடம் வருகிறவர்களில் பலர் இரண்டு மூன்று மையங்களுக்குப் போய்விட்டு, கை நிறைய ஃபைலோடு வருவார்கள். ஃபைல் முழுக்க மனைவியின் ஸ்கேனாக இருக்கும். கணவனைக் கட்டிலில் படுக்க வைத்து யாரும் கையால் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஐந்து நிமிட வேலை அது. விதையின் அளவு என்ன, ரத்தக் குழாய் வீங்கிய வெரிக்கோசில் இருக்கிறதா, அணு வரும் குழாய் விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்ப்போம். சிலருக்கு அந்தக் குழாய் பிறவியிலேயே இருக்காது. அவர்கள் பாதை முற்றிலும் வேறு.

ஆகவே முதல் வேலையாக ஆண் மலட்டுத்தன்மையில் அனுபவம் உள்ள யூராலஜிஸ்ட்டை, ஆண்ட்ராலஜிஸ்ட் என்று போர்டு போட்டிருந்தாலும் சரி, போய்ப் பாருங்கள். விந்துப் பரிசோதனையை இன்னொரு முறை நல்ல ஆய்வகத்தில் செய்யச் சொல்லுங்கள். மாதிரியைச் சுழற்றி, அடியில் தங்கியதை முழுவதும் தேடிப் பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். சாதாரணமாகப் பார்க்கும்போது ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தவர்களில் சிலருக்கு இப்படித் தேடும்போது நாலைந்து அணுக்கள் கிடைப்பதுண்டு. இக்ஸிக்கு ஒரு முட்டைக்கு ஒரு அணு போதும். அப்படிக் கிடைத்தால் விதையில் கை வைக்கவே வேண்டியதில்லை.

அதோடு டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., புரோலாக்டின் என்ற ஹார்மோன்களின் அளவையும் பாருங்கள். அதன்பின் இரண்டு மரபணுப் பரிசோதனைகள்: குரோமோசோம்களின் எண்ணிக்கையும் அமைப்பும் சரியா என்று பார்க்கும் காரியோடைப், ஒய் குரோமோசோமில் சிறு துண்டு ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் மைக்ரோ டெலிஷன். இரண்டுமே ரத்தம் கொடுத்தால் போதும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் விலை மாறும், சேர்த்து 10,000 ரூபாய் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். இந்த 10,000 ரூபாய்தான் உங்கள் 2,80,000 ரூபாயைக் காப்பாற்றப் போகிறது.

எப்படி என்று சொல்கிறேன். ஒய் குரோமோசோமில் அணு உற்பத்திக்கான ஜீன்கள் இருக்கும் இடத்தை ஏ, பி, சி என்று மூன்று பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ பகுதியோ பி பகுதியோ முழுதாக இல்லாமல் போயிருந்தால், விதையை எத்தனை முறை திறந்து பார்த்தாலும் அணு கிடைக்காது. அந்த முடிவு வந்தால் ஆபரேஷனும் இக்ஸியும் உங்களுக்கு இல்லை என்பது தெளிவாகிவிடும். சி பகுதி மட்டும் இல்லை என்றால் பாதிப் பேருக்கு அணு கிடைக்கிறது, ஆனால் பிறக்கும் ஆண் குழந்தைக்கும் அதே குறை போகும். அது தெரிந்தே நீங்கள் முடிவெடுக்க வேண்டும். காரியோடைப்பில் ஒரு எக்ஸ் கூடுதலாக இருப்பது, அதாவது கிளைன்ஃபெல்டர், தெரிய வரலாம். அதுவும் கதவடைப்பு இல்லை, ஆனால் உடலின் மற்ற விஷயங்களையும் கவனிக்க வேண்டியிருக்கும். இந்தப் பரிசோதனைகள் இல்லாமல் பேக்கேஜ் போட்டுக் கொடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

மரபணு சரியாக இருந்தால் அடுத்தது அணுவை எடுக்கும் முறை. உங்களிடம் சொன்ன ஊசி முறை, டெசா, உங்கள் மாதிரி நிலைக்கு ஏற்றதல்ல. வறண்ட காட்டில் நீரோட்டம் பார்க்காமல் ஒரே இடத்தில் போர் போடுவது போல அது. விதைக்குள் அணு உற்பத்தி நடக்கும் இடம் எங்கோ ஒரு மூலையில் சின்னத் திட்டாக இருக்கலாம். அதைத் தேட மைக்ரோ டெசி என்று ஒரு ஆபரேஷன் இருக்கிறது. மயக்கம் கொடுத்து, விதையைத் திறந்து, மைக்ரோஸ்கோப்பை வைத்துச் சற்றுத் தடித்து வெளுத்திருக்கும் நுண்குழாய்களைத் தேர்ந்து எடுப்பார்கள். எடுத்ததைப் பக்கத்து அறையில் எம்ப்ரியாலஜிஸ்ட், அதாவது கருவியல் நிபுணர், உடனுக்குடன் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று மணி நேரம்கூடப் போகும். உற்பத்திக் குறைபாடு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு இதில் அணு கிடைக்கிறது. எஃப்.எஸ்.எச். கூடுதலாக இருப்பதால் கிடைக்காது என்று பொருள் இல்லை. இறங்காத விதைக்கு ஆபரேஷன் செய்தவர்களுக்கு வாய்ப்பு சராசரியைவிடக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது. இதை எல்லா மையத்திலும் செய்ய மாட்டார்கள். செய்பவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று நேராகவே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இனி நான் வற்புறுத்திச் சொல்லும் விஷயம். முதலில் உங்கள் ஆபரேஷன், அப்புறம் மனைவிக்கு ஊசி. அணு கிடைத்தால் உறைய வைத்துக்கொண்டு, பிறகு மனைவிக்கு முட்டை வளர்க்கும் ஊசியைத் தொடங்கலாம். உறைய வைத்த அணுவிலும் இக்ஸி நன்றாகவே நடக்கிறது. மிகக் குறைவாகக் கிடைத்தால் உறைய வைத்து எடுக்கும்போது சில வீணாகலாம், அதனால் ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம் என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அடகு வைத்துச் செலவு செய்கிற குடும்பத்துக்கு, அணு இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு அடுத்த செலவுக்குப் போவதுதான் சரி. அணு கிடைக்காவிட்டால் மனைவிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி, அதற்கான பெரிய செலவு, மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது, சினைப்பை வீங்கி மூச்சு முட்டும் அபாயம், எல்லாமே தவிர்ந்துவிடும்.

ஒரே நாளில் செய்தபோது நடந்த ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மனைவிக்கு முட்டை எடுத்து முடித்து அரை மயக்கத்தில் படுத்திருந்தார், பதினோரு முட்டைகள். கணவனுக்கு ஆபரேஷனில் ஒன்றும் கிடைக்கவில்லை. முட்டைகள் காத்திருக்காது. வராந்தாவில் அவரிடம் ஒரு படிவத்தை நீட்டினார்கள்: தானம் பெற்ற விந்தணுவைப் பயன்படுத்தச் சம்மதம். அவர் பச்சை நிற ஆபரேஷன் உடையில், பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, “அவகிட்ட கேக்கணுமே” என்றார். கேட்கும் நிலையில் மனைவி இல்லை. வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டிய முடிவு அது. நீங்கள் ஒரே நாள் முறைக்குப் போனால், அணு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை இருவரும் ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். முட்டையை உறைய வைக்க முடியுமா, அதற்கு என்ன செலவு என்பதையும் கேட்டு வையுங்கள்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் நிலையில் உள்ள நூறு தம்பதிகள் ஆபரேஷனுக்குப் போனால் சுமார் ஐம்பது பேருக்கு அணு கிடைக்கும். இளம் வயது மனைவி என்றால் ஒரு முறை கரு வைத்ததில் குழந்தை பிறப்பது மூன்றில் ஒரு பங்கு, விதையிலிருந்து எடுத்த அணு என்றால் அதற்குச் சற்றுக் குறைவாக வைத்துக்கொள்ளலாம். ஆக முதல் முயற்சியில் குழந்தையோடு வீட்டுக்குப் போவது நூற்றில் ஏறக்குறைய பதினைந்து தம்பதிகள். மிச்சக் கருக்களை உறைய வைத்துத் திரும்ப வைக்கும்போது இது கூடும். அந்த மையத்தில் உங்களிடம் எவ்வளவு சதவீதம் என்று சொன்னார்கள் என நீங்கள் எழுதவில்லை. எழுபது, எண்பது என்று சொல்லியிருந்தால் அது எதன் சதவீதம் என்று கேளுங்கள். ரத்தத்தில் கர்ப்பம் பாசிட்டிவ் ஆனதா, குழந்தை பிறந்ததா? விந்தணு இல்லாதவர்களையும் சேர்த்தா?

செலவையும் இதே கண்ணோடு பாருங்கள். 2,80,000-க்குள் ஊசி மருந்து உண்டா, ஆபரேஷன் உண்டா, உறைய வைப்பதும் அதற்கான வருட வாடகையும் உண்டா, இரண்டாம் முறை கரு வைக்க எவ்வளவு, அணுவே கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கர்ப்பப்பைக்கு அது செய்கிறோம், கருவுக்கு இது தடவுகிறோம் என்று நடுவில் சேர்க்கும் கூடுதல் ஐட்டங்களில் பலவற்றுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருத்தரிப்பு மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசே செயற்கைக் கருத்தரிப்பு மையம் நடத்துகிறது. வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கெனத் தனித் துறை இருக்கிறது. பேக்கேஜுக்குக் கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டில் ஒன்றில் இரண்டாவது கருத்து கேட்டுவிடுங்கள், அதற்குப் பெரிய செலவு ஆகாது.

உங்கள் சம்பளத்துக்கு நான் சொல்லக்கூடிய வரம்பு இது: போனால் திரும்ப வராவிட்டாலும் வீடு தாங்கும் தொகை எவ்வளவு என்று இப்போதே, அமைதியாக இருக்கும்போதே, ஒரு எண்ணை எழுதி வையுங்கள். ஒரு முறை தோற்றதும் “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று மனம் கேட்கும். அந்த நேரத்தில் எடுக்கும் கடன்தான் குடும்பங்களை முறித்துப் போடுகிறது. மீட்டர் வட்டிக்குப் பணம் வாங்கிக் குழந்தை பெறுவதை எந்த நிலையிலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் மனைவி என்ன நினைக்கிறார்? உங்கள் கடிதத்தில் மாமனார் இருக்கிறார், அம்மா இருக்கிறார், மனைவியின் நகை இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. குறை உங்களிடம் இருந்தாலும் ஊசி குத்திக்கொள்ளப் போவது அவர், நகையும் அவருடையது. எவ்வளவு தூரம் போவது, எங்கே நிறுத்துவது என்பதில் அவருடைய வார்த்தைதான் முதலில் வர வேண்டும். அம்மா விஷயத்திலும் நீங்கள் வாய் திறக்கத்தான் வேண்டும். ரிப்போர்ட்டை எல்லாம் காட்ட வேண்டாம். “அம்மா, குறை என்கிட்டதான் இருக்கு. டாக்டர்கிட்ட பாத்துட்டு இருக்கோம். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க.” இந்த மூன்று வாக்கியம் போதும். செய்யாத தப்புக்கு நான்கு வருடமாக ஒரு பெண் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார், உங்கள் மானத்தைக் காப்பாற்றுவதற்காக. அதை இன்னும் ஒரு நாள்கூட நீட்டிக்காதீர்கள். விந்தணு இல்லாததற்கும் ஆண்மைக்கும் சம்பந்தம் இல்லை. தாம்பத்தியம், பலம், மீசை தாடி எல்லாம் வேறு ஹார்மோன் கணக்கு.

லேகியத்தை நிறுத்திவிடுங்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் அணு ஊறும் என்றால் நம்பாதீர்கள், அது இருக்கும் உற்பத்தியையும் நிறுத்திவிடும். பட்டறைச் சூடு அணுவைக் குறைக்கக்கூடியதுதான், ஆனால் அணுவே இல்லாமல் போனதற்கு அது மட்டுமே காரணமாக இருக்காது. அதற்காக வேலையை விடாதீர்கள். புகை பிடித்தால் அதை விடுங்கள்.

கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வழி இருக்கிறது. பதிவு பெற்ற விந்து வங்கியிலிருந்து தான அணுவை வாங்கி, ஐ.யு.ஐ. முறையில் மனைவியின் கர்ப்பப்பையில் செலுத்தலாம். செலவு இக்ஸியில் ஒரு சிறு பங்குதான். ஒரு முறைக்கு வாய்ப்பு நூற்றில் பத்துப் பதினைந்து, சில முறை செய்ய வேண்டிவரும். தானம் கொடுத்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது, உங்களை அவருக்கும் தெரியாது. பிறக்கும் குழந்தை சட்டப்படி முழுக்க உங்கள் குழந்தை. இருவரும் எழுதிக் கொடுக்கும் சம்மதம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. அண்ணன் தம்பியிடம் வாங்கிச் செய்யலாம் என்று உறவில் யாராவது யோசனை சொல்வார்கள், சட்டம் வங்கி வழியைத்தான் ஏற்கிறது. உங்களில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும் இதை விட்டுவிடுங்கள், காலப்போக்கில் சரியாகிவிடும் என்று தொடங்காதீர்கள்.

தத்தெடுப்பது இன்னொரு வழி. மத்திய அரசின் ‘காரா’ அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருடம் முடிந்திருந்தால் போதும், நீங்கள் இன்றே தகுதியானவர்கள்தான். சிறு குழந்தைக்குச் சில வருடங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், மனம் இருந்தால் சிகிச்சை முடியட்டும் என்று காத்திராமல் விசாரித்து வையுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்தே குழந்தை வாங்கித் தருகிறேன் என்று வரும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது குற்றம். இருவருமாக, குழந்தை இல்லாமலேயே வாழ்ந்துகொள்கிறோம் என்று நீங்கள் முடிவெடுத்தால் அதுவும் முழுமையான முடிவுதான். அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மாமனார் பணத்தைப் பொறுத்தவரை, மரபணு முடிவு வரும்வரை ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். முடிவு நல்லபடியாக வந்து, மனைவியும் சரி என்றால், உங்கள் ஆபரேஷனுக்கு மட்டும் ஆகும் தொகையை முதலில் ஏற்பாடு செய்யுங்கள். அணு கிடைத்துவிட்டால் இக்ஸிக்கு அவர் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பித் தர வேண்டிய கடனா இல்லையா என்பதையும் அவரிடம் அப்போதே பேசிவிடுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இரண்டு விந்துப் பரிசோதனைத் தாள்கள், ஹார்மோன் முடிவு, இருந்தால் அந்த 9 வயது ஆபரேஷன் சீட்டு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மனைவியோடு போங்கள். சீட்டு தொலைந்திருந்தால் அம்மாவைக் கேளுங்கள், எந்த ஆஸ்பத்திரி, இடது பக்கத்தையும் ஏதாவது செய்தார்களா என்று அவருக்கு நினைவிருக்கும். அம்மாவிடம் பேச்சைத் தொடங்கவும் அது ஒரு வழியாக இருக்கும்.